பத்தாவது கட்டத்தில் நான் எழுதிய படம்

விருது சீசன் வந்துவிட்டால் நீங்கள் எல்லோரும் ஒரு பட்டியல் போடுகிறீர்கள். இந்த வருடம் நாம் ஆவலோடு எதிர்பார்க்கும் பத்துப் படங்கள். செல்போனில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய பாவம் ஞாபகம் வரும். முதல் ஒன்பது படங்களை நான் படிப்பதே இல்லை. நேரே பத்தாவதுக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு படம் உண்மையிலேயே இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

சிரிக்காதீர்கள். கம்பத்தில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன எருமை, அணையின் நீர்மட்டம் எல்லாம் என் வாயிலிருந்துதான் பள்ளத்தாக்குக்குப் போயின. மேலே கோட்டு, கீழே கைலி. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஜனங்கள் என்னை நம்பினார்கள். இப்போது நீங்கள் அந்தத் தொழிலில்தான் இருக்கிறீர்கள், கருவி மட்டும் சிறிதாகிவிட்டது. அதனால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எங்கள் முதலாளிக்குத் திடீரென்று விருது ஆசை வந்தது. சென்னையில் ஆளாளுக்கு விருது கொடுக்கிறார்கள், நாம் என்ன இளைத்தவர்களா என்றார். முதல் வருடம் சிறந்த நடிகர் விருதை ஒருவருக்கு அறிவித்தோம். அறிவித்த அன்று மாலையே இன்னொரு நடிகரின் ரசிகர்கள் மாடியேறி வந்து, எங்கள் டிஷ்ஷை வேறு திசைக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சரிசெய்ய ஆள் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பள்ளத்தாக்கு முழுவதும் ஏதோ ஒரு நாட்டின் பனிச்சறுக்குப் போட்டி ஓடியது. நான்காம் நாள் அதை நிறுத்தியதும், ஏன் நிறுத்தினீர்கள் என்று சின்னமனூரிலிருந்து இரண்டு பேர் போன் செய்து சண்டை பிடித்தார்கள்.

மறு வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வந்த படத்துக்கு விருது குடுத்தாத்தானய்யா சண்ட? வராத படத்துக்குக் குடுப்போம். பாக்காத படத்த எவன் குறை சொல்லப் போறான்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான யோசனையை நான் கேட்டதில்லை. வரப்போகும் பத்துப் படங்களைச் சொல்வது; எந்தப் படத்துக்கு ஆவல் அதிகம் என்று ஜனங்கள் அஞ்சலட்டையில் எழுதிப் போடுவது; அதிக அட்டை வாங்கிய படத்துக்கு 'மக்கள் எதிர்பார்ப்பு விருது' என்று ஒரு ஷீல்டு. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் விழா.

பத்துக் கட்டம் போட்டு ஒரு பெரிய போர்டு எழுத ஏற்பாடானது. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் ஒரு விளம்பரதாரர் பெயர். பெயிண்டர் ஒன்பது படங்களை எழுதி முடித்து, தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் இருந்த பத்திரிகைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். பத்தாவது படம் கிடைக்கவில்லை.

"சார், பெயிண்டு காயுது. பத்தாவதுல என்ன எழுத?"

அந்த நிமிடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாளிக்குப் போன் செய்து ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். பத்தாவது கட்டத்தின் விளம்பரதாரர் வாழைக்காய் மண்டிக்காரர். அவர் பெயருக்கு மேலே வெறும் வெள்ளையாக விட்டால் நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலும் மடையும் தெரிந்தன. "மடைக்கு அந்தப் பக்கம்" என்றேன். பெயிண்டர் எழுதினார். பெயர் மட்டும் தனியாக நின்றது மொட்டையாகத் தெரிந்ததால், கீழே இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன். 'முழுக்க நம் பள்ளத்தாக்கில், நம் மக்களை வைத்து எடுக்கப்பட்டது.'

நான் செய்த தப்பு அந்த இரண்டாவது வரிதான். எங்கள் ஊர்ப் பக்கம் சினிமா எடுக்காத வாய்க்கால் மேடு கிடையாது. வேனில் வந்து இறங்குவார்கள், பத்து நாள் இருப்பார்கள், வயலில் நிற்கிற ஆளைப் பார்த்து "அப்படியே நடந்து வாங்க" என்பார்கள், போய்விடுவார்கள். படத்தின் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பாதிப் படங்களுக்கு அப்போது பெயரே இருக்காது. அவற்றில் பல படங்கள் கடைசி வரை கொட்டகைக்கு வருவதுமில்லை. கேமராவுக்கு முன்னால் நடந்து போனவர்கள் மட்டும் வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரே வாரத்தில் தெரிந்தது. மூன்று கோணிப்பை நிறைய அஞ்சலட்டை வந்தது. இரண்டு கோணி 'மடைக்கு அந்தப் பக்கம்' படத்துக்கு மட்டும். கதாநாயகி சேலை மாற்றியது எங்கள் மோட்டார் ரூமில்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். வில்லன் ஓட்டியது என் ஜீப், பிரேக்கைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று கூடலூரிலிருந்து ஒரு டிரைவர். மேகமலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து பதினேழு பேர் ஒரே அட்டையில் கையெழுத்துப் போட்டு, மழைக் காட்சியில் குடை இல்லாமல் நின்றது நாங்கள்தான் என்று தெரிவித்திருந்தார்கள். ஜெயமங்கலத்தில் ரசிகர் மன்றமே தொடங்கிவிட்டார்கள். போர்டு வைத்து, நீர்மோர்ப் பந்தல் போட்டு, எனக்குப் போட்டோவும் அனுப்பினார்கள். மதுரையில் பாட்டைக் கேட்டுவிட்டதாகவும் மூன்றாவது பாட்டு தேறாது என்றும் ஒருவர் எழுதினார். இன்னொருவர் படத்தையே பார்த்துவிட்டார். இரண்டாம் பாதி இழுவையாம்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பேச்சியம்மாள் வரும்வரை.

கூடலூர்க்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயல் வேலை செய்கிற பெண். ஸ்டூடியோ என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அறைக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, 'மடைக்கு அந்தப் பக்கம்'னு போட்டீகளே, அது எங்க படந்தேன்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"வாய்க்கா மேட்டுல வச்சு எடுத்தாக. ஆறு வருசமாச்சு. நான் நாத்து நட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு பொண்ணு பொட்டியத் தூக்கிக்கிட்டு வரப்புல வரும். நான் நிமிந்து பாத்து, 'ஏத்தா, பஸ்சு போயிருச்சே, இனி எங்கன போவ?'ன்னு கேக்கணும். கேட்டேன்."

கேட்ட விதத்தை எனக்கும் செய்து காட்டினார். எனக்கே பஸ்ஸை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பொங்கல், சித்திரை, தீபாவளி என்று எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே போய் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் படத்திலும் அவர் வரவில்லை.

"எங் கொழுந்தன் பொண்டாட்டி செல்லத்தாயின்னு ஒருத்தி. அவதேன் எனக்குச் சினிமாக்காரின்னு பேரு வச்சா. அதுல இருந்து நான் என்ன சொன்னாலும் வீட்டுல எடுபடல. கன்னுக்குட்டிக்கு மேலு சுடுதுன்னு சொன்னேன். 'சினிமாக்காரி சொல்றா'ன்னு சிரிச்சாக. மறுநா செத்துப்போச்சு. செத்ததுக்கப்புறமும் நான் சொன்னத ஒருத்தரும் ஒத்துக்கிடலண்ணே."

"அப்படியா..."

"விழாவுக்குப் படத்துக்காரக வருவாகல்ல? அவுகளுக்கு என்னய அடையாளம் தெரியும். எங்க வீட்டாளுக முன்னாடி, ஆமா இந்தம்மா நடிச்சாகன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். என் மானம் போனாலும் ஒரே ஒரு ஆள் முன்னால்தான் போயிருக்கும். ஆனால் பன்னிரண்டு வருடம் இனிப்பாகப் பேசியே சோறு தின்ற வாய் இது. "குடும்பத்தோட வாங்கம்மா" என்றது. எனக்கு இன்றைக்கும் என் மேல் கோபம் வருவது அந்த வார்த்தைக்காகத்தான்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூடப் பதறவில்லை.

"இதுக்குப் போயி ஏன்யா முழிக்கிற? மேடையில ஏறி, படம் டிராப் ஆயிருச்சு, பாதியில நின்னுபோச்சுன்னு சொல்லு. சினிமாவுல நடக்காததா?"

நல்ல வழிதான். யாருக்கும் நோகாது. டிராப் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

விழா அன்று மண்டபம் பிதுங்கியது. இல்லாத ஒரு படத்துக்காக வந்த கூட்டம். முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒன்பது மணிக்கே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். முழுப் படமும் மேகமலையில் எடுத்தது என்று லயத்துக்காரர்கள் சொல்ல, மடை என்றாலே கூடலூர்தான் என்று ஜீப் டிரைவர் எழுந்து நின்றார். மலையில ஏதுடா மடை என்று அவர் கேட்டார். அவர்கள் துண்டைச் சுற்றிப் பதில் சொன்னார்கள். ஜெயமங்கலத்து மன்றத்தார் ஒரு மாலையோடு வந்து, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் என்னைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரிசையில் பேச்சியம்மாள் தெரிந்தார். தீபாவளிச் சேலை. பக்கத்தில் கணவர், மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று ஒரு ஜீப் நிறையக் குடும்பம். ஓரத்தில் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மைக் முன்னால் போனேன். சீட்டை எடுத்தேன். பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். டைரக்டரைத் தேடுகிறார். முதலாளியின் முகத்திலும் பெயிண்டரின் முகத்திலும் தேடுகிறார். சீட்டைக் கசக்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"மன்னிச்சிருங்க. 'மடைக்கு அந்தப் பக்கம்'னு ஒரு படமே கிடையாது. பத்தாவது கட்டம் காலியா இருந்தது. நான்தான் எழுதினேன்."

செருப்பு பறக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், யாருமே என்னை நம்பவில்லை.

"அவர எவனோ மிரட்டிருக்கான்!" என்று ஜெயமங்கலத்து மன்றத் தலைவர் நாற்காலி மேல் ஏறினார். "நம்ம படத்த வரவிடாமப் பண்றாக! ஏலே, விடக்கூடாது!"

"வெளியிடு! வெளியிடு!" என்று மண்டபம் அதிர்ந்தது. சற்று முன்பு துண்டைச் சுற்றிய லயத்துக்காரர்களும் ஜீப் டிரைவரும் தோளோடு தோள் நின்று கத்தினார்கள். படத்தின் பெயரை எழுதிய நானே படம் இல்லை என்கிறேன், பார்த்தவர்கள் இருக்கிறது என்கிறார்கள். நான் என்ன செய்ய?

அந்த மண்டபத்தில் என்னை நம்பியது ஒரே ஒரு குடும்பம். இரண்டாவது வரிசையில் செல்லத்தாய் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"பாத்தீகளா, படமே இல்லயாம்ல! ஆறு வருசமா என்னா கதை! இனியாச்சும் வாய மூடச் சொல்லுங்க."

பேச்சியம்மாளின் கணவர் தரையைப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னதும் என் பாரம் இறங்கிவிட்டது, ஆனால் அது நேரே அந்தப் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். தப்பை ஒத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒத்துக்கொள்ளும் முன் அது யார் மேல் விழப்போகிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஆளை முதலில் நகர்த்தி வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பேச்சியம்மாள் எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். நேரே மேடைக்கு வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இந்தப் படம் இல்லன்னா போகுது. இவரு எழுதுனது பொய்யாவே இருக்கட்டும். நான் நடிச்சது நெசம். எங்க மாமியா காலு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாகல்ல, அந்த வாரம். வெள்ளிக்கெழம. படத்துக்கு என்னா பேருன்னு எனக்குத் தெரியாது. வருமான்னும் தெரியாது. ஆனா இப்பிடித்தேன் கேட்டேன்."

குனிந்து, மேடையில் நாற்று நட்டார். மூன்று நாற்று ஊன்றியிருப்பார். நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வராத பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்தா, பஸ்சு போயிருச்சே, இனி எங்கன போவ?"

மன்றத் தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கைதட்டலைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

"ஒரே டேக்கு!" என்று மைக்கில் சொன்னார். "ஒரே டேக்குல ஓகேன்னுட்டாக. டைரக்டரு கையெடுத்துக் கும்பிட்டாரு."

"ஒரே டேக்கா!"

செல்லத்தாய் எழுந்து நின்றார். ஆறு வருடம் பொறுத்தவர், அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"அடி ஆத்தி, ஒரே டேக்காம்ல! ஒம்பது தடவ எடுத்தாக! மூணாந் தடவ வசனத்த மறந்துட்டு அந்தப் பொண்ண 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா! ஆறாந் தடவ நாத்துக் கட்டத் தூக்கி கேமரா மேல எறிஞ்சா! டைரக்டரு கும்பிட்டாராம்! தொப்பியக் கழட்டி வரப்புல அடிச்சாருடி! வேடிக்க பாக்குறவுகளுக்குக் கயிறு கட்டுன எடத்துல நின்னு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. அவருடைய கணவர் மெதுவாகத் திரும்பினார்.

"நீ எங்கன நின்ன?"

செல்லத்தாய் தலைப்பை எடுத்து மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம ஆத்தாவுக்குத் தொணையா ஆஸ்பத்திரியில இருந்ததாத்தான சொன்ன?"

"மருந்து வாங்கிட்டு வர்றேன்னு போனா," என்றார் மாமியார், ஆறு வருடமாக வாயில் வைத்திருந்த மாதிரி. "விளக்கு வச்சுத்தேன் வந்தா. கஞ்சி குடுக்க ஆளில்லாமக் கெடந்தேன்."

மண்டபமே சிரித்தது. முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். மேடையில் பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஓரகத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எதிரில் இருந்த மைக்கை மறந்துவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"ஒம்பது இல்லத்தா. ஏழுதேன்."

"ஒம்பதுக்கா! நான் வெரல் விட்டு எண்ணுனேன்!"

"ஏழுடி."

ஷீல்டை யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது ஜெயமங்கலத்து மன்றத்தார் அதைக் கைப்பற்றிவிட்டார்கள். படம் வெளியாகிற அன்று உரியவர்களிடம் ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். இன்றுவரை அவர்களிடம்தான் இருக்கிறது. முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் சிறந்த நடிகருக்கே திரும்பிவிட்டோம். டிஷ்ஷுக்கு மட்டும் முதலாளி ஒரு கூண்டு வாங்கிப் போட்டார்.

அன்று வாசலில் கூடலூர் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. குடும்பம் மொத்தமும் ஏறிவிட்டது. உள்ளே பெரிய சண்டை. பேச்சியம்மாளின் கணவர் ஏழு என்கிறார். கொழுந்தன், தன் பெண்டாட்டி எண்ணினால் சரியாகத்தான் இருக்கும், ஒன்பது என்கிறார். கேமரா மேல் எறிந்ததை ஒரு தடவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மாமியார். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் நடித்தாரா என்று அந்த ஜீப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் போய்ப் பேச்சியம்மாள் பக்கத்து ஜன்னலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்விதான் வந்தது.

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. எத்தனை டேக்?"

உள்ளே திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. வெளியே தலையை நீட்டி என் காதருகே சொன்னார்.

"பதினொண்ணுண்ணே. யாருகிட்டயும் சொல்லிறாதீக."

ஜீப் கிளம்பிவிட்டது.